கிராங்கின் முறுக்கை அடக்கிய வளையம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒரகடத்தில்தான் வெட்டிக்கொள்கின்றன. ஏரிப் பாசன நெல்லும் மானாவாரி வேர்க்கடலையும் விளைந்த ஊர்களின் நடுவே இன்று இரவு பகலாக டிரெய்லர்கள் ஓடுகின்றன. ஒரகடத்தின் கதையைச் சொல்பவர்கள் ஏக்கரையும் கோடியையும்தான் கணக்குச் சொல்வார்கள். ஆனால் அங்கே உருவாகும் ஆறு சிலிண்டர் லாரி இன்ஜின்களின் மூக்கில், பெல்ட்டுக்குப் பக்கத்தில் சுழலும் கனத்த வட்டு ஒன்றுக்கு அந்தத் தொழிற்பேட்டையைவிட நூறு வயது அதிகம். மெக்கானிக்குகள் அதை டேம்பர் என்பார்கள். கார்களில் அதுவே புல்லியாகவும் வேலை செய்வதால், அங்கே அதன் பெயர் கிராங்க் புல்லி.

டேம்பர் எதற்கு? சிலிண்டரில் எரிபொருள் வெடிக்கும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் கிராங்க் ஷாஃப்டை உதைக்கிறது. கெட்டி எஃகுதான் என்றாலும், அந்த உதையில் ஷாஃப்ட், பிழியும் ஈரத்துணி போல, இம்மியளவு முறுக்கிக்கொண்டு மறுபடி நிமிர்கிறது. நான்கு ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் விநாடிக்கு 100 உதை. எந்த ஷாஃப்டுக்கும் இயல்பாகவே ஒரு அதிர்வு வேகம் உண்டு. உதையின் தாளம் அதோடு ஒத்துப்போய்விட்டால் முறுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். எஃகு களைத்து ஒருநாள் முறியும். ஷாஃப்ட் நீள நீள இந்த ஆபத்தான வேகம் கீழே இறங்கி, வண்டி வழக்கமாக ஓடும் வேகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆறு சிலிண்டர் இன்ஜின் பிறந்தபோது இந்தச் சிக்கலும் கூடவே பிறந்ததற்குக் காரணம் இதுதான்.

1900களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நேப்பியர் நிறுவனம் ஆறு சிலிண்டர் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இன்ஜின் கடகடவென அதிர்ந்தது. அந்தக் கார்களை விற்ற எஸ்.எஃப். எட்ஜ் அதற்கு ‘பவர் ராட்டில்’ என்று பெயர் சூட்டி, வலிமையின் ஓசை என்று வாடிக்கையாளர்களை நம்பவைத்தார். ஹென்றி ராய்ஸ் செய்த முதல் ஆறு சிலிண்டர் காரிலும் கிராங்க் தொல்லை கொடுத்தது. அவர் ஷாஃப்டைத் தடிமனாக்கி விறைப்பைக் கூட்டினார். பின்னாளில் ‘சில்வர் கோஸ்ட்’ என்று புகழ்பெற்ற கார் அப்படி உருவானதுதான். அந்த வகைக் கார் ஒன்று ‘பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்’ என்ற பெயரோடு 1908-இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாய்–கோலாப்பூர் மலைச்சாலைப் போட்டியில் வென்றது. குவாலியர் மகாராஜா அதை வாங்கினார்.

விறைப்பைக் கூட்டுவதோடு நிற்காமல் அதிர்வையே தின்றுவிடும் வழியைத் தேடியவர் ஃபிரடெரிக் லான்செஸ்டர் (1868–1946). கார் செய்தார், விமானம் பறக்கும் கணிதத்தை எழுதினார். 1909 முதல் கோவென்ட்ரி நகரின் டெய்ம்லர் நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார். அந்த டெய்ம்லரின் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் எழுந்த கிராங்க் அதிர்வுக்குத் தீர்வாக, 1910 வாக்கில் ஷாஃப்டின் முன்முனையில் ஒரு குட்டி ஃபிளைவீலை வைத்தார். அதை இறுகப் பிணைக்கவில்லை. எண்ணெயில் நனைந்த தட்டுகள் வழியாக, வழுக்க இடம் விட்டுத் தொடுத்தார். ஷாஃப்ட் ஒரே சீராகச் சுழலும்வரை குட்டிச் சக்கரமும் கூடவே சுழலும். ஷாஃப்ட் வெடுக்கென முறுக்கும்போது சக்கரம் தன் எடையால் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே உரசல் ஏற்படும். அதிர்வு வெப்பமாகிக் கரைந்துபோகும். ராய்ஸும் அதே காலத்தில் இதே போன்ற ஒரு யோசனையைச் செய்துபார்த்தார். ஆனாலும் ‘லான்செஸ்டர் டேம்பர்’ என்ற பெயர் பொறியியல் பாடநூல்களில் நிலைத்தது.

கோவென்ட்ரி டெய்ம்லர் வேறு, ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ஜெர்மன் டெய்ம்லர் வேறு. இரண்டுக்கும் பெயர் வந்தது மட்டும் காட்லீப் டெய்ம்லர் (1834–1900) என்ற ஒரே மனிதரிடமிருந்து.

லான்செஸ்டரின் குட்டிச் சக்கரம் பிறகு இரண்டு வடிவம் எடுத்தது. ஒன்று, நடுவில் இரும்பு மையம், வெளியே கனத்த இரும்பு வளையம், இடையில் ரப்பர். கார்களிலும் சிறிய டீசல் இன்ஜின்களிலும் இருப்பது இது. மற்றொன்று, மூடிய உறைக்குள் தடித்த சிலிக்கான் எண்ணெயில் மிதக்கும் வளையம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய இந்த வகை, பெரிய லாரிகளிலும் கப்பல்களிலும் ஜெனரேட்டர்களிலும் இடம்பிடித்தது.

சென்னைக்கு இந்த நீண்ட கிராங்க் எப்படி வந்தது? 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்சன் நிறுவனம், 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டிக்காட்டியது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் வளர்ந்த சிம்சன், 1950களில் பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினை இங்கேயே தயாரித்தது. அது ஆறு சிலிண்டர் இன்ஜின். எண்ணூரில் 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பிறகு லேலண்டோடு கைகோத்து காமெட் லாரிகளுக்கு மாறி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட்டும் ஆறு சிலிண்டர்தான். ஒரகடத்தில் முதல் ஆலைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே சென்னை, சேலம், நாமக்கல் பட்டறைக்காரர்களின் கையில் இந்த நீண்ட கிராங்க் பழகிவிட்டது.

பழகியது என்றால், முதலில் அடித்து உடைத்துத்தான் பழகியது. முன்பக்க ஆயில் சீல் ஒழுகினாலும், டைமிங் கியரைப் பார்க்க வேண்டும் என்றாலும் டேம்பரைக் கழற்றியாக வேண்டும். அது ஷாஃப்டில் இறுக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கும். சாதாரண புல்லியைப் போல வெளி விளிம்பில் நெம்புகோல் கொடுத்தாலோ, கொக்கிப் புல்லரை மாட்டி இழுத்தாலோ இழுவை முழுவதும் ரப்பரில் விழும். மையம் அசையாது, வளையம் மட்டும் பிய்ந்து வரும். சிலிக்கான் டேம்பரில் சுத்தியல் பட்டு உறை நசுங்கினால் உள்ளே இருக்கும் வளையம் சுவரில் உரசும், சிக்கிக்கொள்ளும். அதன்பிறகு டேம்பர் வெறும் இரும்பு வட்டுதான். லாரி அப்போதும் ஓடும். கிராங்க் முறிவது எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் கழித்து, வேறொரு ஊரில்.

வளையத்தை விட்டுவிட்டு மையத்தைப் பிடித்து இழுக்கும் புல்லரைப் பட்டறைகள் தாங்களே செய்துகொண்டது இதனால்தான். லேத்தில் கடைந்த தடித்த தகடு, அதில் மூன்று நீளத் துளைகள், நடுவே ஒரு பெரிய போல்ட். அவ்வளவுதான் அந்தக் கருவி. டேம்பர் மையத்தில் ஏற்கெனவே மரை போட்ட துளைகளில் மூன்று போல்ட்டுகளைச் சமமாக ஏற்றி, நடு போல்ட்டை ஷாஃப்டின் முனையில் முட்டக் கொடுத்துத் திருகினால், டேம்பர் சத்தமில்லாமல் முன்னே வரும். ஷாஃப்டின் மரை நசுங்காமலிருக்க முனையில் ஒரு சிறு உலோகத் துண்டை வைத்துக்கொள்வார்கள்.

வீட்டு வாசலில் சொந்தக் காரில் இந்த வேலையைச் செய்பவருக்கும் முறை இதேதான். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெல்ட்டை எடுத்தபின் நடு போல்ட். இன்ஜினிலேயே மிக இறுக்கமான போல்ட்டுகளில் ஒன்று அது. கிராங்க் சுழலாமல் ஃபிளைவீலைப் பூட்டித்தான் அதைத் தளர்த்த வேண்டும். ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டைத் தளர்த்தும் குறுக்குவழி கையை முறிக்கும். வெளியே வந்த டேம்பரைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரப்பர் வெடித்திருக்கிறதா, பிதுங்கியிருக்கிறதா? வளையம் நழுவியிருக்கிறதா? டைமிங் கோடு வளையத்தில் இருக்கும் இன்ஜின்களில், வளையம் நழுவினால் கோடும் நழுவும். அந்தக் கோட்டை நம்பி வைக்கும் டைமிங் தப்பாகும். ஆயில் சீலின் உதடு தேய்த்த பள்ளம் மையத்தில் விழுந்திருந்தால், புது சீல் போட்டும் எண்ணெய் ஒழுகும்.

திரும்ப ஏற்றும்போதுதான் பலர் சுத்தியலை எடுக்கிறார்கள். கூடாது. ஷாஃப்டின் சாவித்துண்டையும் (கீ) டேம்பரில் அதற்குரிய பள்ளத்தையும் நேர்ப்படுத்தி, சீலின் உதட்டில் சிறிது எண்ணெய் தடவி, ஷாஃப்டின் மரையில் நீளமான போல்ட்டும் நட்டும் கொண்டு டேம்பரை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். கடைசியில் நடு போல்ட்டுக்கு, அந்த இன்ஜினின் கையேடு சொல்லும் அளவை டார்க் ரெஞ்ச்சில் வைத்து இறுக்க வேண்டும். ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை போல்ட் என்றால், புதிதுதான் போட வேண்டும்.

கைகளில் இந்த அறிவு ஊறிய நிலப்பரப்புக்குத்தான் பெரிய ஆலைகள் வந்தன. ஹூண்டாய் 1998-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியே அனுப்பியது. ரெனோ–நிசான் ஆலை 2010-இல் ஒரகடத்தில் திறக்கப்பட்டது. டெய்ம்லர் 2012 ஏப்ரலில் சுமார் 400 ஏக்கரில் பாரத்பென்ஸ் ஆலையைத் திறந்தது. லாரிகளோடு அவற்றின் இன்ஜின்களும் அங்கே உருவாகின்றன. கனரக லாரிகளுக்கு முதலில் வந்தது 6.4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். 2013-இல் ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூரைத் தாண்டி ஒரகடத்திலும் உற்பத்தியைத் தொடங்கியது.

அந்த நிறுவனத்தின் புல்லட் பைக்கின் சிக்கல் வேறு. ஒற்றை சிலிண்டரின் குட்டை கிராங்க் அவ்வளவாக முறுக்கிக்கொள்வதில்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகும் எடைதான் வண்டியைக் குலுக்குகிறது. எதிர்த்திசையில் எடையைச் சுழற்றி அதிர்வைச் சமன்செய்யும் தண்டுகளுக்கும் லான்செஸ்டர் 1900களிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அவர் அதை நான்கு சிலிண்டர் இன்ஜினுக்காக யோசித்தார். மிட்சுபிஷி 1970களில் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. ராயல் என்ஃபீல்டின் 2018 இன்டர்செப்டர் 650-இலும், 2020 மீட்டியார் 350-இலும் அதே கொள்கையில் இயங்கும் சமன்தண்டு உள்ளே சுழல்கிறது.

மின்சார வண்டிக்குக் கிராங்கும் இல்லை, டேம்பரும் இல்லை. அதே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் மின்சார கிரெட்டா வந்துவிட்டது. ஆனாலும் இன்று ஒரகடத்தில் பூட்டப்படும் டீசல் லாரி இன்னும் பல ஆண்டுகள் ஓடும், கைமாறும், ஏதோ ஒரு ஊரின் சாலையோரப் பட்டறையில் அதன் டேம்பர் கழற்றப்படும். ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு வட்டைக் கையில் எடுத்து, மையம் எது, வளையம் எது, எங்கே பிடித்து இழுக்க வேண்டும் என்று ஒரு வகுப்பு முழுக்கக் காட்ட வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள், பெல்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் டேம்பரின் ரப்பரையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பட்டறையில் அதை அடித்துக் கழற்ற யாராவது சுத்தியலை ஓங்கினால் தடுத்து, புல்லர் எங்கே என்று கேளுங்கள்.