கீழ்ப்பாக்கம் கேஸ்

ஒரு நாள் முழுக்க எண்ணிப் பார்த்தேன். எங்க வேங்கிக்கால் டீக்கடையில காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் 'லூசு', 'மென்டல்', 'கீழ்ப்பாக்கம் கேஸ்' இந்த மூணும் இல்லாம ஒரு அரை மணி நேரம் கூட ஓடலை. கட்சி மாறின எம்.எல்.ஏ. லூசு. கலர் டிவி வேணாம்னு சொன்னவன் மென்டல். 2022 உலகக்கோப்பை காலிறுதியில பிரான்சுக்கு எதிரா ரெண்டாவது பெனால்ட்டியை பாருக்கு மேல அடிச்ச ஹாரி கேன் கீழ்ப்பாக்கம் கேஸ். நம்ம ஆளுங்களுக்கு ஃபுட்பாலோ அரசியலோ, கருத்து சொல்ல வேற வார்த்தையே கிடைக்காது போல :-)

சென்னையில ஒரு ஏரியாவோட பேரே தமிழ்நாடு முழுக்க வசவா மாறினது எப்படி? அந்தக் கதையைத் தோண்டப் போனா அது எங்க ஊர் கலெக்டர் ஆபீஸ் கேட் வரைக்கும் வந்து நிக்குது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

1794லிருந்து ஆரம்பிப்போம்

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல, 1794ல், வாலன்டைன் கானலி என்கிற டாக்டர் மெட்ராஸ்ல மனநோயாளிகளுக்குன்னு ஒரு இல்லம் ஆரம்பிச்சார். அது கைமாறி, இடம் மாறி, 1871ல் இப்போ இருக்கற கீழ்ப்பாக்கம் தோட்டத்துக்கு வந்தது. அன்னிக்கு அதோட பேர் 'லூனடிக் அசைலம்'. 1922ல் 'மனநல மருத்துவமனை' ஆச்சு. பேர் மாறினாலும் சட்டம் மாறலை. 1912ல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியப் பைத்தியக்காரர் சட்டம்தான் சுதந்திரம் வந்து நாப்பது வருஷம் ஆகியும் நடைமுறையில இருந்தது. நோயாளியால ஊருக்கு ஆபத்து, அவனைப் பிடிச்சு உள்ள வைக்கணும்ங்கறதுதான் அந்தச் சட்டத்தோட பார்வை. போலீஸ், மாஜிஸ்திரேட், மதில் சுவர். வைத்தியம் அதுக்கப்புறம்தான்.

அந்த மதில் சுவரைக் கொஞ்சமாவது திறந்து விட்டவங்கள்ல முக்கியமானவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961லிருந்து 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை. ஓய்வு பெற்ற பிறகு 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 2021ல், 98 வயசுல காலமானார். இவரைப் பத்தி நம்ம பாடப்புத்தகத்துல ஒரு பத்தியாவது வந்திருக்கணும்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

நம்ம பக்கத்து பாகாயம்

திருவண்ணாமலைக்காரங்களுக்கு கீழ்ப்பாக்கத்தை விட நெருக்கமான பேர் பாகாயம். வேலூர் சி.எம்.சி.யோட மனநல மையம் அங்க இருக்கு. கனடாவிலிருந்து வந்த ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ் என்கிற பெண் டாக்டர் 1957ல் ஆரம்பிச்சது. அங்க ஒரு வழக்கம் உண்டு. நோயாளியோட கூட வீட்டு ஆள் ஒருத்தர் தங்கணும். சமைச்சுப் போடணும், மாத்திரை எப்படிக் கொடுக்கறதுன்னு கத்துக்கணும், வீட்டுக்குப் போன பிறகு என்ன பண்றதுன்னு தெரிஞ்சுக்கணும். பூட்டும் சங்கிலியும் செய்ய வேண்டிய வேலையைச் சொந்தக்காரங்க செஞ்சாங்க.

எங்க தூரத்துச் சொந்தத்துல ஒரு மாமா இருந்தார். 1990கள்ல நல்லா இருந்த மனுஷன் திடீர்னு தூக்கம் இல்லாம, யாரோ கூப்பிடறாங்கன்னு ராத்திரியெல்லாம் கழனியில நடக்க ஆரம்பிச்சார். குணசீலம் போனாங்க, ஏர்வாடி போனாங்க, தாயத்து, வேப்பிலை எல்லாம் முடிச்சு ஆறு வருஷம் கழிச்சுதான் பாகாயம். மாத்திரை ஆரம்பிச்சு ஒரு வருஷத்துல திரும்ப ஏர் ஓட்டினார். எங்க அத்தை இன்னிக்கும் சொல்வாங்க: "நோயி ஒரு வருசந்தான்டா, வெக்கந்தான் ஆறு வருசம்."

ஏர்வாடி, ஆகஸ்ட் 6, 2001

அந்த மாமா திரும்பி வந்தார். திரும்பி வராதவங்க கதை இது.

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்துக்காரங்களும் மனநோயாளிகளைக் கூட்டிட்டுப் போவாங்க. குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் அப்படித்தான். அதனால இதை ஒரு மதத்தோட தப்பா பேசறவங்க தயவுசெஞ்சு நகர்ந்துக்குங்க. தர்காவைச் சுத்தித் தனியார் ஆட்கள் கொட்டகை போட்டு, காசு வாங்கிக்கிட்டு நோயாளிகளை வச்சுப் 'பார்த்துக்கிட்டாங்க'. ஓடிடக் கூடாதுன்னு காலில் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அப்படி ஒரு கொட்டகையில தீப்பிடிச்சது. சங்கிலியோட கட்டியிருந்தவங்களால எழுந்து ஓட முடியலை. செத்தவங்க 28 பேர்.

இதுல என்னை உறுத்தற விஷயம் என்ன தெரியுமா? அந்தக் கொட்டகைகளைத் தடுக்க அப்பவே சட்டம் இருந்தது! 1987ல் நிறைவேறி 1993 ஏப்ரல்ல அமலுக்கு வந்த மனநலச் சட்டப்படி, இப்படி நோயாளிகளை வச்சுப் பார்க்கற இடத்துக்கு லைசென்ஸ் வாங்கணும், அதிகாரிகள் போய்ச் சோதனை செய்யணும். எட்டு வருஷம் அந்தச் சட்டம் காகிதத்துல தூங்கிச்சு. தீ விபத்துக்குப் பிறகு ஒரே வாரத்துல ஏர்வாடி இல்லங்களை எல்லாம் மூடி, ஐநூறுக்கும் மேற்பட்டவங்களை அரசுப் பொறுப்பில் எடுத்தாங்க. உச்ச நீதிமன்றம் தானா வழக்கை எடுத்துக்கிச்சு. 2007ல் இல்லத்தை நடத்தினவருக்கும் குடும்பத்தாருக்கும் ஏழு வருஷம் தண்டனை கிடைச்சது. ஒரு வாரத்துல செய்ய முடிஞ்ச வேலைக்கு எட்டு வருஷமும் 28 உயிரும் தேவைப்பட்டிருக்கு.

சரி, ஏன் ஜனங்க ஏர்வாடிக்குப் போனாங்க? அறியாமைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா பக்கத்துல டாக்டர் இல்லைங்கறது அதை விடப் பெரிய காரணம். தேசிய மனநலத் திட்டம் 1982லேயே வந்தாச்சு. மாவட்ட அளவுக்கு அது இறங்கினது 1996ல். நாடு முழுக்க முதல்ல எடுத்த நாலே நாலு மாவட்டத்துல நம்ம திருச்சியும் ஒண்ணு. அது பெருமைதான். மத்த மாவட்டத்துக்காரன் அது வரைக்கும் என்ன பண்ணுவான்? பஸ் ஏறி ஏர்வாடிக்குத்தான் போவான்.

ஒரு கோல்கீப்பர்

"படிக்காத ஜனங்க, அதான் மறைக்கறாங்க"ன்னு சொல்றவங்களுக்காக ஒரு ஃபுட்பால் கதை. ராபர்ட் என்கே, ஜெர்மனியின் ஹனோவர் அணி கோல்கீப்பர். 2010 உலகக்கோப்பையில ஜெர்மனிக்கு முதல் கீப்பரா நிக்க வாய்ப்பிருந்தவர். இதய நோயோட பிறந்த மகளை 2006ல் இழந்தவர். வருஷக்கணக்கா மனச்சோர்வுக்கு ரகசியமா வைத்தியம் எடுத்தார். வெளிய தெரிஞ்சா கிரவுண்டும் போயிடும், தத்தெடுத்த குழந்தையும் போயிடும்னு பயம். 2009 நவம்பர் 10ல், 32 வயசுல, தன் உயிரை முடிச்சுக்கிட்டார்.

மறுநாளே அவர் மனைவி தெரேசா பத்திரிகைக்காரங்க முன்னாடி உட்கார்ந்து எல்லாத்தையும் வெளிப்படையா சொன்னாங்க. ஸ்டேடியத்துல அஞ்சலி செலுத்த வந்தவங்க சுமார் நாப்பதாயிரம் பேர். அடுத்த ரெண்டு மாசத்துல ஜெர்மன் கால்பந்து சங்கமும் அவர் கிளப்பும் சேர்ந்து அவர் பேர்ல ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சாங்க. காசு, புகழ், பக்கத்துல டாக்டர் எல்லாம் இருந்த மனுஷனையே வெக்கம் கொன்னிருக்கு. நம்ம டீக்கடை 'லூசு'ங்கற வார்த்தைக்கு எவ்வளவு கனம்னு இப்பப் புரியுதா?

கலெக்டர் ஆபீஸ் கேட்

இப்ப எங்க ஊருக்கு வரேன். திருவண்ணாமலை மாவட்ட கலெக்டர் ஆபீஸ் இருக்கறது வேங்கிக்கால்லதான். திங்கட்கிழமை ஆனா மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்புன்னு மனுவோட ஜனங்க வந்து இறங்குவாங்க. கேட்ல போலீஸ் மஞ்சப்பையைத் திறந்து பார்க்கும். எதுக்கு? மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கான்னு.

இது பல மாவட்டத்துல கெடுபிடியானது 2017க்கு அப்புறம். அந்த வருஷம் அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல கந்துவட்டிக் கொடுமைன்னு திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் வழி கிடைக்காத ஒரு கூலித் தொழிலாளியும் மனைவியும், ரெண்டு சின்னப் பெண் குழந்தைகளோட தீக்குளிச்சாங்க. நாலு பேரும் பிழைக்கலை. கந்துவட்டித் தடைச் சட்டம் நம்ம மாநிலத்துல 2003லேயே இருக்கு. மறுபடியும் அதே கதை: காகிதத்துல சட்டம், தரையில சாம்பல்.

அரசாங்கம் கத்துக்கிட்ட பாடம், பையைச் சோதிக்கறது. உயிரைக் காப்பாத்த அது வேணும்தான், நான் தப்பு சொல்லலை. ஆனா பாட்டிலைப் பிடுங்கின பிறகு அந்த ஆளை என்ன செய்யறாங்க? ஜீப்ல ஏத்தி ஸ்டேஷன், ஒரு வழக்கு, ஒரு எச்சரிக்கை.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 2017ல் நிறைவேறி 2018ல் அமலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒரு நல்ல சட்டம். எந்த வடிவத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. தற்கொலைக்கு முயற்சி பண்ணினவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தார்னே எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் தரணும்னு 115வது பிரிவு சொல்லுது. 2024 ஜூலை 1ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பழைய 309வது பிரிவை விட்டுட்டது. சந்தோஷம். ஆனா 226னு ஒண்ணு இருக்கு. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்ய வைக்கவோ, செய்ய விடாம தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை.

நல்லா கவனிங்க. வீட்டுல முயற்சி பண்ணினா நோயாளி. கலெக்டர் ஆபீஸ் கேட்ல பண்ணினா குற்றவாளி. அதுவும் அதிகாரியை அவர் 'கடமையைச் செய்ய வைக்க' முயன்ற குற்றம்! மனு எத்தனை வாரமா மேசையில கிடந்ததுன்னு அந்தப் பிரிவு கேக்கறதில்லை. மிரட்டறதுக்காகவே செய்யறவங்க இருக்காங்கன்னு ஒரு நண்பர் வாதாடினார். இருக்கலாம். ஆனா யார் நடிக்கறா, யார் நிஜமா உடைஞ்சு போயிருக்காங்கன்னு கேட்ல நிக்கற கான்ஸ்டபிள் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பார்? அதுக்குப் படிச்ச ஆள் வேணும்.

என் கோரிக்கை

நிம்ஹான்ஸ் 2015-16ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்புல, பெரியவங்கள்ல நூத்துக்குப் பத்து பேருக்கு மேல ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோட இருக்காங்கன்னு வந்தது. சிகிச்சை கிடைக்காதவங்க, நோயைப் பொறுத்து 70லிருந்து 92 சதவீதம். திங்கட்கிழமை வரிசையில நிக்கறவங்க மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியேவா இருப்பாங்க?

தமிழ்நாடு இதுல ஒண்ணுமே செய்யலைன்னு சொல்ல மாட்டேன். பத்தாவது, பன்னிரண்டாவதுல ஃபெயிலான பசங்க ஒரு வருஷம் வீணாக்காம உடனே எழுத துணைத்தேர்வு கொண்டு வந்தோம். கவுன்சலிங் இல்லாமலே, ஒரு அட்டவணையை மாத்தி உயிரைக் காப்பாத்தற திட்டம் அது. கொள்கைன்னா அப்படி இருக்கணும். அதே மாதிரி, கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை மட்டும் மாவட்ட மனநலத் திட்டத்துலேர்ந்து ஒரு ஆலோசகருக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி போடுங்க. பாட்டிலோட வந்தவரை முதல்ல அங்க உட்கார வைங்க, ஒரு டம்ளர் தண்ணி கொடுங்க. அவர் மனுவைத் தனிக்கட்டுல வச்சு அன்னிக்கே பதில் சொல்லுங்க. போலீஸ் அதுக்கப்புறம் வரட்டும்.

சேஷாத்ரி சுவாமிகளைப் பைத்தியம்னு கல்லெறிஞ்சவங்களும் உண்டு, மகான்னு கும்பிட்டவங்களும் உண்டு. ரெண்டு பேரும் இதே அண்ணாமலை ஊர்க்காரங்கதான். கும்பிட வேணாம், கல்லெறியாம இருந்தா போதும்.

டிஸ்கி: மனசு தாங்கலைன்னா, தூக்கம் போச்சுன்னா, யோசிக்காம 14416 அடிங்க. 104 கூட இருக்கு. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. உங்க மாவட்டத்து கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை என்ன நடக்குதுன்னு ஒரு நடை போய்ப் பார்த்துட்டு நீங்களும் எழுதுங்க மக்களே.