உதவி மேக்ரோவின் எல்லை: இ-வே பில் காலாவதிச் சோதனைகளை முன்வைத்து

தானியங்கிச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் எதையும் உதவி மேக்ரோவுக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது இத்துறையில் வேரூன்றிய கருத்து. எதை அடக்கக் கூடாது என்பதை அத்தரப்பு போதிய அளவு ஆராயவில்லை. எதிர்பார்க்கும் விடையைக் கணக்கிடுவதையும், ஒப்பிடும் முன் அதன் நுட்பத்தைக் குறைப்பதையும் மேக்ரோவிடம் விடலாகாது என்பதே என் வாதம். நாமக்கல், சங்ககிரி லாரி அலுவலகங்கள் அன்றாடம் கையாளும் இ-வே பில் இதற்குத் தக்க சான்று.

மத்திய ஜிஎஸ்டி விதி 138(10)இன்படி, சாதாரணச் சரக்குக்கு முதல் 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள் செல்லுபடி. அதற்குமேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் அதன் பகுதிக்கும் மேலும் ஒரு நாள். இந்த 'நாளை' 24 மணி நேரமாக வாசிப்போர் உண்டு. விதியின் விளக்கமோ, பில் உருவான தேதிக்கு அடுத்த நாளின் நள்ளிரவில்தான் முதல் நாள் முடிகிறது என்கிறது. அரசின் கேள்வி-பதில் தொகுப்பிலுள்ள இரு எடுத்துக்காட்டுகள் ஐயத்தைத் தீர்க்கின்றன: மார்ச் 14 அன்று 00:04க்கு உருவான பில்லும் 23:58க்கு உருவான பில்லும் மார்ச் 15-16 நள்ளிரவில்தான் ஒருசேரக் காலாவதியாகின்றன.

இப்போது தேதியை மட்டும் ஒப்பிடும் மேக்ரோ ஒன்றைக் கொள்வோம். நிரல் பிழையாக 24 மணி நேரம் கூட்டினால் விடைகள் மார்ச் 15, 00:04 என்றும் மார்ச் 15, 23:58 என்றும் வரும். இரண்டிலும் தேதி 15தான்; சரியான விடையின் கடைசி நாளும் அதுவே. இரு சோதனைகளும் தேறிவிடும். முதல் பில்லிலோ பிழை 23 மணி 56 நிமிடம். செல்லுபடியாகும் பில்லோடு லாரி நிறுத்தப்படும். நீட்டிக்க முயன்றாலும், காலாவதிக்கு 8 மணி நேரத்துக்கு முன் இ-வே பில் தளம் அதை ஏற்காது. எடுத்துக்காட்டுகள் சரியாக இருந்தும், மணியை வெட்டி எறிந்த மேக்ரோ அவற்றைப் பயனற்றவை ஆக்கிவிட்டது.

தூரக் கணக்கிலும் இதே நிலைதான். 2021 ஜனவரி 1க்கு முன் வரம்பு 100 கிலோமீட்டர். மேக்ரோவும் நிரலும் ஒரே மாறிலியைப் பகிர்ந்தால், அதை எந்த எண்ணாக மாற்றினாலும் சோதனை தேறும். '101 கிலோமீட்டர், 2 நாள்' என்று கையால் எழுதிய சோதனையோ, மாறிலி 200 ஆனதும் முறிந்து, அறிவிக்கையைப் பிரித்துப் படிக்க வைக்கும்.

அப்படியானால் மேக்ரோ எதற்கு? பில்லை அமைக்கவும் தோல்வியைச் சரியாகச் சொல்லவும். கூகுள்டெஸ்டில் உதவிச் செயற்கூறுக்குள் ஒப்பீடு தோற்றால் அச்செயற்கூறின் வரி எண்தான் தெரியும். மேக்ரோவோ அழைத்த இடத்தைக் காட்டும். ரஸ்ட் மொழியில் 1.46 பதிப்பு முதல் செயற்கூறுகளுக்கும் அவ்வசதி உண்டு என்பது உண்மையே. அதனால் மேக்ரோவின் தேவை குறையலாம், எல்லை மாறாது.

கையால் எழுதுவது சிரமம் என்ற மறுப்பை நீண்டு ஆராய வேண்டியதில்லை. எல்லைப் புள்ளிகள் சிலவே: 200, 201, 400, 401, அவற்றோடு அந்த இரு நேரங்கள். சட்டத்தின் பொருளைச் சோதனையின் ஒவ்வொரு வரியும் தேதி, மணியோடு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதை மறைக்கும் மேக்ரோ எவ்வளவு சுருக்கமானதாயினும் நீக்கத்தக்கதே.