நரேனின் 5 பாயிண்டும் நான்கு முதலாளிகளும்

போன வாரம் காரைக்காலில் இருந்து திருவேட்டக்குடி திரும்பும்போது பஸ்ஸில் ஒரு சண்டை. கூடப் படிக்கும் நண்பன் ஒருவன், "நரேன் கார்த்திகேயனெல்லாம் ஒரு டிரைவரா? ஃபார்முலா ஒன்னில் மொத்தமே 5 பாயிண்ட், அதுவும் ஆறே கார் ஓடின ரேஸ்ல" என்றான்.

கணக்கு சரிதான். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். மிச்செலின் டயர் பாதுகாப்பில்லை என்று 14 கார்கள் ரேஸ் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட்டன. மிச்சமிருந்த ஆறில் கோவைக்காரர் நான்காவது. ஆனால் கம்பெனி யார் கையில் இருந்தது என்று பார்க்காமல் ஒரு வருடத்து லாப நட்டக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொன்னால், எங்கள் பி.காம். வகுப்பிலேயே மார்க் போடமாட்டார்கள் :-)

நரேன் ஓட்டியது ஜோர்டான் அணிக்கு. அயர்லாந்துக்காரர் எடி ஜோர்டான் (2025 மார்ச்சில் காலமானார்) 1991ல் ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்த அணி அது. முதல் வருடமே ஐந்தாம் இடம். 1998ல் பெல்ஜியத்தில் முதல் வெற்றி, அதுவும் முதல் இரண்டு இடங்களும் அவர்களுக்கே. 1999ல் ஃப்ரென்ட்சன் இரண்டு ரேஸ் ஜெயிக்க, 61 பாயிண்டோடு மூன்றாம் இடம். பெரிய கார் கம்பெனி எதற்கும் சொந்தமில்லாத ஓர் அணிக்கு இது சாதாரண விஷயமில்லை.

சரிவு அதற்கு அடுத்த வருடமே ஆரம்பித்தது. 2000ல் 17 பாயிண்ட், 2002ல் 9, 2004ல் வெறும் 5. எல்லோரும் பின்னால் வந்த முதலாளிகளைத் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் குற்றம் நிறுவனர் மேல்தான். தொழில்நுட்பத் தலைவர் மைக் காஸ்கொய்ன் போட்டி அணிக்குப் போனார். ஜெயித்துக் கொடுத்த ஃப்ரென்ட்சனை 2001ல் சீசன் நடுவிலேயே அனுப்பினார்கள். 2002 முடிவில் ஹோண்டா எஞ்சினும் போனது. ஸ்பான்சர் பணம் தருவதாகச் சொல்லி ஏமாற்றியதாக வோடஃபோன் மீது போட்ட வழக்கும் 2003ல் தோற்றது. தனக்குப் பின் யார் என்று எடி யாரையும் தயார் செய்யவில்லை. விற்பது ஒன்றுதான் வழி என்ற நிலைக்கு வந்த பிறகே விற்றார்.

2005 ஜனவரியில் வாங்கியவர் மிட்லண்ட் குழுமத்தின் அலெக்ஸ் ஷ்னைடர். உண்மையில் 2006ல் சொந்தமாகப் புது அணி தொடங்குவதுதான் அவர் திட்டம். ஆனால் புது அணி என்றால் 4.8 கோடி டாலர் டெபாசிட் கட்ட வேண்டும். ஏற்கெனவே உள்ள அணியை வாங்கினால் அது வேண்டாம். அதாவது அவர் வாங்கியது ஒரு அணியை அல்ல, ஒரு நுழைவுச் சீட்டை!

அதற்கு அடுத்த மாதம் ஒப்பந்தமாகி வந்தவர்தான் நரேன். பாதி சீசனில் அணித் தலைவர் ட்ரெவர் கார்லின் விலக, காலின் கோலஸ் பொறுப்பேற்றார். அந்த வருடம் அணி எடுத்த 12 பாயிண்டில் 11 அந்த ஒரே அமெரிக்க ரேஸில் வந்தவை. மிச்சம் ஒன்று சக டிரைவர் மான்டெய்ரோ ஸ்பாவில் எடுத்தது.

எங்கள் ஊரில் படகு கைமாறினால் பெயரும் பெயிண்டும் மாறும், வலை இழுப்பவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். இங்கும் அப்படித்தான். சில்வர்ஸ்டோன் தொழிற்சாலை அப்படியே இருக்க, மஞ்சள் ஜோர்டான் 2006ல் மிட்லண்ட் ஆனது, 2007ல் ஆரஞ்சு நிற ஸ்பைக்கர் ஆனது, 2008ல் மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா. நான்கு சீசனில் நான்கு பெயர். 2006ல் பூஜ்யம், 2007ல் 1, 2008ல் மறுபடி பூஜ்யம்.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு விஷயம். சுமார் 6 கோடி டாலருக்கு வாங்கியதாகச் சொல்லப்பட்ட அணியை, ஒரு பாயிண்டும் எடுக்காத அதே 2006ல் மிட்லண்ட் 10.66 கோடி டாலருக்கு விற்றது. பாயிண்ட் கீழே, விலை மேலே! முதலாளிக்கு லாபம், தோல்விக் கணக்கு மட்டும் டிரைவர் பெயரில்.

பிறகு என்ன ஆனது? மல்லையாவைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், அவர் கடன் கதை தனி. ஆனால் அணி பத்து வருடம் ஒரே பெயரில் இருந்தது. ஜோர்டானின் ஆரம்ப நாள் பொறியாளர் ஆண்ட்ரூ கிரீன் திரும்பி வந்து தொழில்நுட்பத் தலைவரானார். பணத் தட்டுப்பாட்டிலும் 2016, 2017 இரண்டிலும் நான்காம் இடம். 2018 ஜூலையில் கடனால் அணி நிர்வாகியின் கைக்குப் போய், லாரன்ஸ் ஸ்ட்ரோல் குழு வாங்கியது. 2020 டிசம்பரில் ரேசிங் பாயிண்ட் என்ற பெயரில் அதே தொழிற்சாலையின் கார் சாகிரில் ஜெயித்தது. 2003 பிரேசிலுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி!

நரேனுக்கு மட்டும் ராசி மாறவில்லை. 2011ல் ஹெச்.ஆர்.டி. அணியில் சேர்ந்தார். அங்கும் தலைவர் அதே கோலஸ்! சீசன் நடுவில் நரேனின் இடம் ரிக்கார்டோவுக்குப் போனது. அந்த ஜூலையில் அணியை வேறொரு கம்பெனி வாங்கியது, வருடக் கடைசியில் கோலஸும் விலகினார். 2012 முடிவில் ஒரு பாயிண்டும் எடுக்காமல் அணியே மூடப்பட்டது.

இதையெல்லாம் பஸ்ஸில் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கும்போதும் அவன் "இருந்தாலும் அஞ்சுதானே" என்றான்.