பொதுகேயும் பெண்ணையாற்று நாடும்

கல்வராயன் மலையின் வடசரிவில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிப் பெண்ணையாற்றைச் சேர்கிறது. தென்சரிவின் நீர் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் ஓடி வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலடைகிறது. பெண்ணையோ திருக்கோவலூரைத் தொட்டுக் கடலூரை ஒட்டிக் கடலில் விழுகிறது. அந்த முகத்துவாரத்திலிருந்து கரையோரமாக வடக்கே ஒரு பகல் நடைக்குள் இருக்கிறது அரிக்கமேடு. மலையிலிருந்து கடலுக்கு நீர் போகும் வழியே பொருளும் போயிருக்கும். கடலிலிருந்து மலைக்குப் பொருள் வந்த வழியும் அதுவாகவே இருந்திருக்கும். அரிக்கமேட்டின் வரலாறு புதுச்சேரிக்கு மட்டும் உரியதன்று, உள்நாட்டுக்கும் உரியது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

அரிக்கமேட்டை யவனர் குடியேற்றம் என்று சொல்லும் வழக்கம் நெடுநாளாக நிலவுகிறது. அந்தச் சொல் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராயுமுன், யவனர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. ஆசியாமைனரின் மேலைக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கரின் பெயரே பாரசீகம், பிராகிருதம் ஆகிய மொழிகளின் வழியாகத் திரிந்து தமிழில் யவனர் ஆயிற்று. பிற்காலத்தில் மேற்கிலிருந்து வந்த எல்லாரையும் அச்சொல் குறித்தது. உரோமானிய வாணிகம் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் எகிப்தின் அலெக்சாந்திரியாவை மையமாகக் கொண்டு கிரேக்க மொழி பேசிய வணிகர்கள் நடத்தியதே. முசிறி வாணிகம் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரசுத் தாளில் கிடைத்து 1985இல் வெளியிடப்பட்டது. ஹெர்மாப்போலோன் என்னும் கப்பலில் வந்த சரக்கை விவரிக்கும் அந்த ஆவணமும் கிரேக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. ஆட்சி உரோமுக்குரியது; கணக்கு வழக்கு கிரேக்கம்.

யவனர் பெயரும் இந்த வட்டாரத்து அரசர் குடி ஒன்றின் பெயரும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வருவதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அசோகர் தம் இரண்டாம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று எல்லைப்புற நாட்டாரை வரிசைப்படுத்தி, அதே மூச்சில் யவன அரசன் அந்தியோகனையும் சொல்கிறார். இந்தச் சத்தியபுத்திரர் யார் என்பது அறிஞர்களிடையே தீராத வழக்காக இருந்தது. 1981இல் திருக்கோவலூருக்கு மேற்கே, பெண்ணைக் கரை ஊராகிய ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை அப்பட்டப் பெயராலேயே குறித்து வழக்கை முடித்து வைத்தது. தீர்ப்பு இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பாறையில் எழுதப்பட்டிருந்தது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘செங்கடல் பயண நூல்’ கீழைக் கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்றைக் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமியும் பொதுகேயை வாணிகப் பட்டினமாகக் குறித்தார். கமராவைக் காவிரிப்பூம்பட்டினம் என்றும், சோபட்மாவைச் சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம், அதாவது மரக்காணம் என்றும் கொள்வர். ‘சோ’ என்றாலும் ‘எயில்’ என்றாலும் மதில்தானே! பொதுகே அரிக்கமேடே என்பது பெரும்பாலோர் முடிவு. புதுச்சேரி என்ற பெயரின் திரிபே பொதுகே என்பாரும் உளர்.

1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்த பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தி, வீராம்பட்டினத்தை அடுத்த ஆற்றங்கரையில் பழஞ்சுவர்களையும் பெரிய செங்கற்களையும் கண்டு எழுதி வைத்தார். கிரகணம் பார்க்க வந்தவர்க்கு அன்று வானம் மூடிக்கொண்டது, மண் திறந்துகொண்டது. ஆனால் அவர் எழுத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1937இல் மனிதத் தலை பொறித்த சிறு மணிக்கல் ஒன்று ழுவோ துப்ரே என்னும் பிரெஞ்சு அறிஞரின் கைக்கு வந்தது. அது அகஸ்டஸ் பேரரசரின் தலை என்று அவர் கூறிய பின்னரே மேட்டின் மேல் அறிஞர் கண் விழுந்தது. 1940களின் தொடக்கத்தில் ஃபோஷே முதலியோர் அங்கே தோண்டினர்.

1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், அவ்வாண்டே சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் இருகைப்பிடிச் சாடியின் உடைந்த துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பி அனுப்பும் ஆம்போரா என்னும் சாடி அது. அடுத்த ஆண்டே அரிக்கமேட்டில் அகழாய்வு தொடங்கியது. இத்தாலியின் அரெசோ நகரத்துச் செந்நிறத் தட்டுகளின் துண்டுகள், குயவர் முத்திரையோடு அங்கே கிடைத்தன. பண்டகசாலை எனக் கருதத்தக்க நீண்ட கட்டடமும், சாயத்தொட்டிகள் என வீலர் கொண்ட செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன.

அரெசோத் தட்டுகளின் காலம் ஐரோப்பாவில் ஏறத்தாழத் துல்லியமாக அறியப்பட்ட ஒன்று, கி.பி. 1ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அவை வழக்கொழிந்தன. ஆகவே அத்தட்டோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பானைக்கும் காலம் கிடைத்தது. அந்தப் பானை வகையைக் கொண்டு 1947இல் கருநாடகத்துப் பிரம்மகிரியில் வீலர் பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்குக் காலம் கணித்தார். அதன்பின் தென்னாடு முழுவதும் அக்கணக்கே நெடுங்காலம் அளவுகோலாயிற்று. கல்வராயன் மலைச் சாரலில் காணப்படும் கற்பதுக்கைகளும் கல்வட்டங்களும் எந்தக் காலத்தவை என்று பேசப் புகுந்தோர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, அரிக்கமேட்டுத் தட்டொன்றின் உடைந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே பேசினர்.

வீலர் கண்ட பொருள் வேறு. அதற்கு அவர் உரைத்த பொருள் வேறு. எளிய மீனவர் குப்பமாகக் கிடந்த இடத்தை மேலைக் கடலோடிகள் வந்து நகராக்கினர் என்பது அவர் எழுதிய வரலாற்றின் சாரம். அவர் நடையழகு அக்கருத்தை உலகெங்கும் பரப்பிவிட்டது. 1947 முதல் 1950 வரை கசால் நடத்திய அகழாய்வு, யவனப் பொருள்கள் வருவதற்கு முன்பே அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த மக்கள் வாழ்ந்ததைக் காட்டியது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. இராமனும் மீண்டும் அகழ்ந்தனர். துறைமுகம் கிறித்து பிறப்பதற்கு முன்னரே வாணிகத்தில் ஈடுபட்டிருந்தது என்பதும், மேலைச் சரக்கு நின்ற பின்னும் ஊர் நெடுங்காலம் நிலைத்தது என்பதும் அவர்தம் ஆய்வால் வலுப்பெற்றன. சாடித் துண்டுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றுள் கணிசமானவை கிரேக்கத் தீவாகிய காசின் மதுச்சாடி வகையைச் சார்ந்தவை என்று கண்டார். யவன மது என்று சங்கப் புலவர் சொன்னதில் மிகையில்லை.

மது கிரேக்கத்தது என்பதால் ஊரும் கிரேக்கத்தது ஆகிவிடுமா? செங்கடல் பயண நூலே இதற்கு விடை வைத்திருக்கிறது. மலையாளக் கரையில் விளைந்தவையும் எகிப்திலிருந்து வந்தவற்றில் பெரும்பகுதியும் இக்கீழைத் துறைகளுக்கு வந்து சேர்கின்றன என்று கூறும் அந்நூல், இங்கே ஓடிய கலங்களை உள்நாட்டாருடையவை என்றே விவரிக்கிறது. மரங்களைப் பிணைத்த ‘சங்கரா’க்களும், கங்கை முகத்துக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் ‘கொலாந்தியா’ப் பெருங்கலங்களும் அவர் குறிப்பில் இடம்பெறுகின்றன. ஏழெட்டு யவனக் குடும்பங்கள் மேட்டில் தங்கியிருக்கலாம். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஓடுகளில் கீறப்பட்ட பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் உள்ளன. கண்ணாடியிலும் நிறக்கற்களிலும் மணி செய்த தொழிற்கூடம் உள்ளூராரின் கைவண்ணம். கண்ணாடியை உருக்கி நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணியாக்கும் தொழில்நுட்பம் அது. அவ்வகை மணிகள் தென்கிழக்காசியா வரை சென்றன. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், யவனர் வந்துபோன தமிழர் பட்டினம் என்பதே பொருத்தமான பெயர்.

அந்தப் பட்டினத்துக்குப் பின்புலமாக நின்ற நாடுகளில் ஒன்று மலையமான்களுடையது. முள்ளூர் மலைக்கும் கோவலூருக்கும் உரியவனாகிய திருமுடிக்காரியைப் பாடிய மாறோக்கத்து நப்பசலையார், கபிலர் பாடிய பின் தமக்குப் பாட இடமில்லை என்பதற்கு உவமை தேடுகிறார். சேரனின் பொன் கொணரும் நாவாய் ஓடும் மேலைக் கடலில் பிற கலங்கள் செல்ல மாட்டா என்ற செய்தி அவருக்கு உவமையாக அமைகிறது. புறநானூற்றின் 126ஆம் பாட்டு அது. கடலைக் காணாத மலைநாட்டு அவையில் கடல் வாணிகம் உவமையாக எடுபட வேண்டுமானால், கேட்போர்க்கு அது பழகிய செய்தியாக இருந்திருக்க வேண்டும். மலையமான் பெயர் பொறித்த காசுகள் பெண்ணைக் கரையில் கிடைத்துள்ளன. குதிரையும், மலையும் ஆறும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. திருக்கோவலூர் வட்டாரத்தில் உரோமானியப் பொற்காசுப் புதையலும் வெளிப்பட்டிருக்கிறது. அப்பொன் எந்தத் துறையில் இறங்கி, யார் கைமாறி இங்கே வந்தது என்பதைக் காசு சொல்லாது. ஆயினும் பெண்ணை வழி அருகிலேயே திறந்து கிடந்தது.

கபிலரின் நினைவு கோவலூரில் கல்லாக நிற்கிறது. ஆற்றின் நடுவே உள்ள பாறையைக் கபிலர் குன்று என்கின்றனர். பாரி மகளிரை மலையனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்ற செய்தியை வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள இராசராச சோழன் காலக் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. பொதுகேக்கு அப்படியொரு நினைவு மக்களிடையே தங்கவில்லை. எஞ்சியது மேடும் அதன் பெயருமே. அருகன் மேடு என்பதே அரிக்கமேடு ஆயிற்று என்பர். மேட்டின் மேல் இன்று நிற்கும் தூண்கள் யவனருடையவை என்று எண்ணிச் சிலர் வியந்து திரும்புவதுண்டு. அவை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பிய இல்லத்தின் சிதைவுகள். பழைய செங்கல்லும் அதில் புகுந்திருக்கிறது. தொல்லியல் துறையின் காப்பில் இருந்தாலும், அரியாங்குப்பத்தாறு கரையை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. பெருமழை பெய்த மறுநாள் தென்னந்தோப்பு மண்ணில் சிறு மணிகள் மேலெழுந்து கிடக்கும். கடுகளவே உள்ள சிவப்பும் நீலமுமான அம்மணிகளைக் காக்காயந்தோப்புச் சிறுவர் பொறுக்கி எடுப்பர்.