மெழுகுவத்தியும் மலேரியாவும்



குளிர்காய்ச்சல் என்றாலே தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கசப்பான கொய்னாதான் ஞாபகத்துக்கு வரும். பின்னர் குளோரோகுயின் மாத்திரை வந்தது. ஆனால், அதற்கும் அடங்காத மலேரியாக் கிருமி மலாயாவிலேயே இருப்பதை 1963-ல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எப்படி அறிவது? நோயாளிக்குக் கொடுத்து, நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும். கேட்காவிட்டால் உயிருக்கே ஆபத்து அல்லவா?

1968-ல் கார்ல் ரீக்மன் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். நோயாளியின் இரத்தத்தைச் சிறு குப்பிகளில் பிரித்தார்கள். ஒன்றில் மருந்தில்லை, மற்றவற்றில் வெவ்வேறு அளவு மருந்து. ஒருநாள் உடல் சூட்டில் வைத்துப் பார்த்தார்கள். மருந்திலும் கிருமி வளர்ந்தால், அது அடங்காத கிருமி!

ஆனால், கிருமியைக் குப்பியில் நெடுநாள் வளர்க்க முடியவில்லை. 1976-ல் நியூயார்க்கில் வில்லியம் டிரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் அதையும் சாதித்தார்கள். எதை வைத்துத் தெரியுமா? சாதாரண மெழுகுவத்தி! கண்ணாடிச் சாடிக்குள் அது எரிந்து அணையும்போது பிராணவாயு குறைகிறது. கரியமில வாயு கூடுகிறது. அந்தக் காற்றில் மனித இரத்த அணுக்களுக்குள் கிருமி தொடர்ந்து வளர்ந்தது. புதுப்புது மருந்துகளை ஆய்வுக்கூடத்திலேயே சோதிக்க வழி பிறந்தது.

பெற்றோர்களே, "காய்ச்சல்தான் விட்டுப்போச்சே" என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தப்பிப் பிழைத்த கிருமி மறுபடியும் பெருகும். மாணவர்களே, அறிவியலைக் கருத்தாய்ப் படியுங்கள். மெழுகுவத்தி நம் வீட்டிலும் உண்டு. அதைக் கொண்டு யோசிக்கும் மூளைதான் வேண்டும்!