லத்திகா சரணும் நம்ம ஸ்டேஷன் வாசலும்



மலருக்கு ஆளுக்கொரு பெண்ணைப் பற்றி எழுதணும்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் முடிவாச்சு. நம்ம புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி எழுத ரெண்டு பேர் முந்திக்கிட்டாங்க. நான் எடுத்துக்கொண்டது ஒரு போலீஸ் அதிகாரியை. தமிழ்நாடு காவல்துறைக்கே தலைவராக இருந்து 2012-ல் ஓய்வு பெற்ற லத்திகா சரண்.

போலீஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். கடலுக்குப் போன படகு கரை திரும்பலைன்னாலும், வீட்டில் அடி தாங்க முடியலைன்னாலும், வயசுப் பிள்ளையை எவனாவது பின்தொடர்ந்தாலும் கடைசியில் நாம போய் நிக்கிறது ஸ்டேஷன் வாசல்லதான். அந்த வாசலுக்குள்ள ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருப்பது இன்னிக்கு நமக்குச் சாதாரணம். அது சாதாரணமாக ஆன கதைதான் இது.

தமிழ்நாட்டில் பெண்கள் போலீஸ் வேலைக்கு எடுக்கப்பட்டது 1973-ல்தான். முதலில் சேர்ந்தவர்கள் இருபது பேரைக் கொஞ்சம் தாண்டின சிறு கூட்டம். அதற்கு முந்தைய வருஷம்தான் கிரண் பேடி நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியாக ஆகியிருந்தார். 1976-ல் தமிழ்நாட்டுக்கு இரண்டு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் கேரளத்து இடுக்கி மலைப் பகுதியில் பிறந்த லத்திகா சரண். இன்னொருவர் தர்மபுரி மாவட்டத்துக்காரர் திலகவதி. கட்டடத் தொழிலாளர்களைப் பற்றி 'கல்மரம்' என்ற நாவலை எழுதி 2005-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கிய அதே திலகவதிதான். நம்ம மாதிரி சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989-ல் முதன்முதலில் தொடங்கியதும் அவர் பிறந்த தர்மபுரி மாவட்டத்தில்தான்.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆண்களே இருந்த துறையில், அவர்களுக்கு உத்தரவு போடும் இடத்தில் போய் நின்றார்கள் இந்த இருவரும். லத்திகா சரண் படிப்படியாக மேலே வந்து, 2006-ல் சென்னை மாநகரக் காவல் ஆணையரானார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். 2010 ஜனவரியில் மாநிலக் காவல்துறைக்கே தலைவரானார். தமிழ்நாட்டில் அதுவும் முதல் தடவை. இந்தியாவில் அவருக்கு முன்னால் உத்தரகண்டில் காஞ்சன் சவுத்ரி பட்டாச்சார்யா ஒருவர்தான் அப்படி இருந்தார். லத்திகா சரணின் நியமனத்தை எதிர்த்து வழக்கு வந்தது. உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்து, விதிப்படி மறுபடியும் தேர்வு நடத்தச் சொன்னது. அப்படி நடந்தபோதும் அவரே தேர்வானார்.

இதற்கு நடுவில் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். அதே காலத்தில்தான் நம்ம மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிச்ச பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். இங்கே நாம சைக்கிள் மிதிக்கக் கற்ற நாளில், அங்கே பெண்ணே பெண்ணிடம் புகார் வாங்கும் ஸ்டேஷன் வந்தது. இப்போ தமிழ்நாட்டில் அப்படி இருநூறுக்கு மேல் இருக்கு.

இந்த மாற்றம் என்னன்னு நான் நேரில் பார்த்தேன். பதினைந்து வருஷம் முன்னால், புருஷன் அடியில் கை வீங்கிப்போன எங்க குழு உறுப்பினரோட நாங்க நாலு பேர் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். "ஆம்பளைங்க யாரும் வரலையா? குடும்ப விஷயத்தை வீட்டுலயே பேசி முடிங்கம்மா"ன்னு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு மகளிர் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ. முதலில் அவளை உட்காரச் சொன்னாங்க. கையைப் பார்த்தாங்க. அவள் சொல்லச் சொல்ல எழுதி, வாசிச்சுக் காட்டி, ரசீதும் கொடுத்தாங்க. பிரச்சினை ஒரே நாளில் தீரலை. மாசக்கணக்கில் அலைஞ்சோம். ஆனா அந்த ரசீதைக் கையில் வாங்கின பிறகு அவள் குரல் மாறிச்சு. இன்னிக்குக் குழுக்கடன் வாங்கிக் கருவாட்டு வியாபாரம் பண்றா.

பெண் அதிகாரி இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லலை. மகளிர் ஸ்டேஷனிலும் "சமாதானமாப் போங்க"ன்னு திருப்பி அனுப்பின கதை நம்மில் பலருக்குத் தெரியும். அதனால் நாம தெரிஞ்சு வைச்சுக்க வேண்டியது சிலது இருக்கு.

புகார் கொடுத்தா ரசீது கேட்டு வாங்குங்க. வழக்குப் பதிவானா முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்ததுன்னு காரணம் சொல்லிப் புகாரை மறுக்கக் கூடாது. சாட்சி சொல்லப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவள் இருக்கும் இடத்துக்குத்தான் வரணும். பொழுது சாய்ஞ்சதில் இருந்து விடியும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில்கூட ஒரு பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கித்தான் செய்யணும். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098.

ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் இதற்கென்று முன்வரணும்னு கேட்டுக்கிறேன். யாருக்குப் பிரச்சினைன்னாலும் தனியா அனுப்பாம கூடவே போகணும். பன்னிரண்டாவது முடிச்சு வீட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகளிடம் சீருடைப் பணியாளர் தேர்வு பற்றிப் பேசுங்க. ஓடுறதுக்கு நம்ம கடற்கரை இருக்கு. நாளைக்கு நாம எழுதிக் கொண்டுபோற மனுவை வாங்குறது நம்ம தெருப் பொண்ணா இருக்கட்டும்.