ஒவடானா உழவர் பாங்குக் கட்டடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மினசோட்டா மாநிலத்தின் தென்பகுதியில், தானிய விளைச்சலும் பால்பண்ணைத் தொழிலும் செழித்த ஒரு பிரதேசத்தின் நடுவே அமைந்த ஒவடானா என்னும் சிற்றூரில், 1908-ஆம் ஆண்டில் பூர்த்தியான தேசிய உழவர் பாங்கு, நவீனக் கட்டடக் கலையின் சரித்திரத்தில் பெருநகர் மாளிகைகளுக்கு நிகரான ஸ்தானம் பெற்றது. இதனை நிர்மாணித்தவர் சிகாகோ நகரத்துக் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் (1856–1924).

அக்காலத்து அமெரிக்க பாங்குகள், ஜனங்களின் நம்பிக்கையைப் பெறுதற்பொருட்டு, கிரேக்க, ரோமானியக் கோயில்களின் தூண் வரிசையையும் முக்கோண முகப்பையும் மேற்கொள்வது வழக்கமாயிருந்தது. பாங்கின் உபதலைவரான கார்ல் பென்னட் இந்த இரவல் கோலத்தில் திருப்தியுறாதவர். 'கிராஃப்ட்ஸ்மன்' பத்திரிகையில் 1906-இல் வெளிவந்த சல்லிவனின் கட்டுரையால் ஈர்க்கப்பட்டு அவரையே அழைத்தார். செயின்ட் லூயி நகரத்து வெயின்ரைட் கட்டடம் முதலிய உயர் மாளிகைகளால் கீர்த்தியடைந்தும், கூட்டாளி ஆட்லரைப் பிரிந்தபின் வேலை குன்றி நலிவுற்றிருந்த சல்லிவனுக்கு, இவ்வழைப்பு தம் கொள்கைகளை ஒருங்கே உருவாக்கிக் காட்டும் வாய்ப்பாயிற்று.

பக்கத்துக்கு 68 அடி அளவுள்ள சதுரமாய், செம்மணற்கல் அடித்தளத்தின்மேல் செங்கல்லால் எழுந்த பாங்கு மண்டபம், வெளித்தோற்றத்தில் செல்வத்தைக் காக்கும் ஒரு பெரும் பேழையை ஒத்தது. ஆயினும், தெருக்களை நோக்கிய இரு சுவர்களிலும் ஒவ்வொரு மாபெரும் அரைவட்ட வளைவு திறக்கப்பட்டு, அவற்றில் லூயி மில்லே வகுத்த வண்ணக் கண்ணாடி பதிக்கப்பட்டமையால், அந்தத் திண்மை சிறையின் இறுக்கமாகாமல் ஒளியோடு இயைந்தது. சுவர்களைச் சூழ்ந்த சுடுமண் பட்டைகளிலும் மூலைகளிலுள்ள பெரும் பதக்கங்களிலும் செடிகொடிகளின் வளர்ச்சியைத் தழுவிய அலங்காரம் காணப்படுகிறது. உள்ளே வார்ப்பிரும்பாலான நான்கு பெரிய மின்விளக்குத் தொங்கல்களும், பசுக்களையும் அறுவடையையும் சித்திரிக்கும் ஆஸ்கர் கிராஸின் சுவரோவியங்களும் உள்ளன. விவசாயிகள் கூடிப் பேசுதற்கும் பெண்கள் அமர்வதற்கும் தனி அறைகள் ஒதுக்கப்பட்டன. அலங்கார வேலையில் சல்லிவனின் துணைவர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் பங்கு பெரிது.

முதல் உலகப்போருக்குப் பின் விளைபொருள் விலைகள் வீழ்ந்து கிராமப்புற பாங்குகள் பல நொடித்தபோது, இதுவும் 1926-இல் மூடப்பட்டது. கட்டடம் பின்னர் வேறு பாங்கின் வசமாயிற்று. 1940-இல் நிகழ்ந்த மாற்றங்களில் உட்புறத்தின் மூல அமைப்புகள் பல அழிந்தன; 1950-களில் கட்டடக் கலைஞர் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் எஞ்சியவற்றை மதித்துச் சீரமைத்தார்.

இதன் வெற்றியைத் தொடர்ந்து, அயோவா, ஒஹாயோ, இந்தியானா, விஸ்கான்சின் மாநிலங்களின் சிற்றூர்களிலும் 1919 வரையில் சல்லிவன் இத்தகைய சிறு பாங்குகளைக் கட்டினார். அவற்றுள் முதன்மையானது ஒவடானாக் கட்டடமே என்பது கலை விமர்சகர் பலரின் மதிப்பீடு. 1976-இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1981-இல் அமெரிக்க அஞ்சல் துறை இதன் உருவம் பொறித்த 18 சென்ட் தபால் தலையை வெளியிட்டது.